பள்ளத்துக்கு உபயதாரர்

"அம்மா, இந்தத் தளத்த ஒடைச்சு வீசிப்போட்டுப் புதுசாப் போட்டறலாமுங்களா?"

சென்னியப்பன் இப்படிக் கேட்டபோது அவர் வேட்டியில் பாதி சாம்பார் இருந்தது. மீதிப் பாதி தரையில் இருந்தது. வாளி மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் உருண்டு கிடந்தது.

பூவாத்தாள் அம்மா வேட்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"கால்ல கீல்ல சுட்டுக்கிட்டீங்களாண்ணா?"

"இல்லீங்க. இன்னைக்குச் சாம்பார் ஆறிப்போச்சுங்க."

"அப்பச் சரி. ஒடைங்க."

சென்னியப்பனுக்கு வாயெல்லாம் பல். இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

ஊசிக்கரடு என்பது ஒரு சின்னப் பாறைக்குன்று. அதன் அடிவாரத்தில்தான் அம்மாவின் ஆசிரமம். ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட தியான மண்டபம், ஒரு கிணறு, ஒரு சாப்பாட்டுக் கூடம், கூடத்துக்கு முன்னால் கான்கிரீட் வாசல். அவ்வளவுதான். அந்த வாசல் தளத்தின் ஒரு மூலை நான்கு விரற்கடை இறங்கிப் போயிருந்தது. மழை பெய்தால் அங்கே குளம். மழை இல்லாவிட்டாலும் கை கழுவுகிற தண்ணீர் வந்து தேங்கிப் பாசி பிடித்துக் கிடக்கும். சாம்பார் வாளியோடு சென்னியப்பன் வழுக்கியது அதில்தான்.

அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஆசிரமத்துக்கு வருமுன் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர், எதற்கும் பதறமாட்டார். சென்னியப்பன் அறுபதைத் தாண்டியவர், வாழ்நாளெல்லாம் கட்டடக் கான்ட்ராக்டர். ஆகவே குரு சிஷ்யரை அண்ணா என்பார். சிஷ்யர் குருவை அம்மா என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு குழப்பமும் இல்லை.

தளத்தை உடைக்க வேண்டும் என்பதற்குச் சென்னியப்பன் சொன்ன காரணம் சாம்பார்.

சொல்லாத காரணம் ஒன்று இருந்தது.

அந்த ஆசிரமத்தில் பெயரில்லாத பொருள் கிடையாது. டியூப் லைட்டில் 'உபயம்' என்று எழுதிக் கீழே பெயர், ஊர், தொழில் எல்லாம் இருக்கும், வெளிச்சம் மட்டும் இருக்காது. தண்ணீர் டிரம்மில் பெயர், பெஞ்சில் பெயர், சட்டுவத்தில்கூடப் பெயர். கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையும் எழுதப்பட்டிருந்தபடியால் அதில் முகம் பார்க்க முடியாது.

சென்னியப்பனும் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்திருந்தார். றெக்கைக்கு ஒரு வரியாகப் பெயர் எழுதியும் கொடுத்தார். ஓடும்போது படிக்க முடியாது என்பது மாட்டிய பிறகுதான் தெரிந்தது. ஆசிரமத்தில் மின்வெட்டுக்குச் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் வாசல் தளம் அப்படியல்ல. அது எல்லாரும் மிதித்துப் போகிற இடம், எல்லாரும் குனிந்து பார்க்கிற இடம். அதன் இறங்கிய மூலையில், பாதி பாசிக்குள் போயிருந்தாலும், ஈர சிமெண்டிலேயே ஆழமாகக் கீறி எழுதியிருந்தது: 'இத்தளம் உபயம்: நெ. மாரப்பன், ரைஸ் மில்.'

மாரப்பன் யாரோ எவரோ இல்லை. சென்னியப்பனின் சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் பெயர் பெரிய எழுத்திலும் பெண் வீட்டார் பெயர் சின்ன எழுத்திலும் வந்ததைச் சென்னியப்பன் இன்னும் மறக்கவில்லை. அச்சகத்தார் தவறு என்று சொன்னார்கள். அச்சகம் மாரப்பனுடைய தம்பியுடையது.

குருபூசைக்கு மாரப்பன் வருவார். அதற்குள் பழைய தளம் போய், புதுத் தளம் வந்து, அதில் சென்னியப்பன் பெயர் இருக்க வேண்டும். சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து போய்ச் சாப்பிட வேண்டும்.

இதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வீடுபேறு அதற்கப்புறம் வந்தால் போதும்.

*

"நாளைக்கே ஆள வெச்சு ஒடைச்சறட்டுமுங்களா?"

"தாராளமா. ஒடைச்ச கல்ல எங்கீங்கண்ணா கொட்டுவீங்க?"

"அது எங்கியாவது கொட்டிக்கலாமுங்க."

"அந்த எங்கியாவது எங்க இருக்குதுன்னு மட்டும் பாத்துப்போட்டு வந்துருங்க."

இதெல்லாம் ஒரு வேலையா என்று சென்னியப்பன் சைக்கிளை எடுத்தார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கான்கிரீட் கல்லுங்க. உங்க காட்டோரமாக் கொட்டிக்கட்டுமுங்களா?"

"உங்க ஊட்டுப் பொடக்காலில எடமில்லீங்களா?"

"பொடக்காலில கல்லக் கொட்டுனா அப்பறம் எங்கீங்க குளிக்கறது?"

"காட்டுல கல்லக் கொட்டுனா அப்பறம் எங்கீங்க வெதைக்கறது?"

சென்னியப்பன் அடுத்துக் குளத்துக்குப் போனார். அங்கே குப்பை கொட்டக் கூடாது என்று பலகை இருந்தது. பலகை பாதிக்கு மேல் குப்பைக்குள் இருந்தது. இதற்குமேல் இங்கே கொட்டினால் பலகையே மறைந்துவிடும் என்று அவருக்கே மனசாட்சி குத்தியது.

கடைசியில் ஓடைக்குப் போனார்.

ஓடையில் தண்ணீர் இல்லை. சுவர்கள் இருந்தன. உடைந்த கக்கூஸ் பீங்கான், படிக்கட்டுத் துண்டு, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற தூண். நடுவில் பச்சை டிஸ்டெம்பர் அடித்த ஒரு வளைவு.

அந்தப் பச்சையைச் சென்னியப்பனுக்குத் தெரியும். பழைய கல்யாண மண்டபத்தின் முகப்பு வளைவு. இடித்தது அவர்தான். லாரிக்காரர் "எங்கீங்க கொட்டறது?" என்று கேட்டபோது, "எங்கியாவது கொட்டிப்போடுப்பா" என்று சொன்னதும் அவர்தான்.

ஆக, எங்கியாவது என்கிற இடம் இதுதான். இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

கரைமேல் ஒரு அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். இவர் வளைவையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துவிட்டார்.

"பாருங்க சாமி. போன மழைக்குத் தண்ணி போறதுக்குத் தடமில்லாம எங்க ஊட்டுக்குள்ள வந்துருச்சு. அரிசி மூட்டையெல்லாம் மெதந்துச்சு. எந்தப் புண்ணியவான் கொட்டுனானோ, அவன் கை வெளங்குமா?"

சென்னியப்பன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதானுங்க. யாருன்னே தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். ஆசிரமம் வரைக்கும் ஏறி மிதிக்கவே இல்லை.

*

"எடம் இருந்துச்சுங்களாண்ணா?"

"எடமெல்லாம் இருக்குதுங்க. கொட்டத்தான் முடியாதுங்க."

அம்மா சிரிக்கவில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

சென்னியப்பனா விடுகிற ஆள்? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தார்.

"வெளிய எதுக்குங்க கொட்டறது? ஒடைச்சத அடியிலேயே போட்டு நெரவி, அது மேலயே புதுசு போட்டறனுங்க."

"முன்னாடியும் அப்படித்தான் போட்டாங்களாமா?"

"ஆமாங்க. பழைய திண்டு ஒண்ணு இருந்துச்சு. அத ஒடைச்சு அடியில போட்டுத்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். உடைத்த கல்லை இடித்துக் கெட்டிப்படுத்தாமல் போட்டதால்தான் இடுக்கு விழுந்தது. இடுக்கில் தண்ணீர் இறங்கித்தான் மண் கரைந்தது. மண் கரைந்துதான் மூலை இறங்கியது. இது ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

"சரி, அது கெடக்கட்டும்" என்றார் அம்மா. "புதுத் தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தோணுமில்லீங்களா?"

"கண்டிப்பா நிறுத்தோணுமுங்க. இல்லீன்னா வெடிப்பு உட்டுருமுங்க."

"கெணத்த எட்டிப் பாத்தீங்களா?"

போய் எட்டிப் பார்த்தார். கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு தவளையும் இருந்தது. தவளையின் முதுகு நனையவில்லை.

திரும்பி வந்தார்.

"டேங்கர்ல வாங்கிக்கலாமுங்க."

"டேங்கர்காரரு எங்கிருந்துங்க எடுப்பாரு?"

"பக்கத்து ஊருக் கெணத்துல இருந்துங்க."

"அந்த ஊர்க்காரங்க தண்ணிக்கு என்னங்கண்ணா பண்ணுவாங்க?"

சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"அவங்களுமு டேங்கர்ல வாங்கிக்குவாங்க."

அம்மா நறுக்கின வெண்டைக்காயைத் தட்டில் வழித்துப் போட்டார். அடுத்த கைப்பிடியை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். சென்னியப்பன் தன் பதிலைத் தனக்குள்ளேயே இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். முதல் தரம் சரியாகத்தான் இருந்த மாதிரி இருந்தது.

"சரிங்கண்ணா. ஜல்லி எங்கிருந்து வருதுன்னு பாத்துப்போட்டு வந்துருங்க. அதோட முடிஞ்சுது. ஒடைச்சறலாம்."

முடிஞ்சுது என்ற சொல் காதில் விழுந்ததும் சென்னியப்பன் சைக்கிளில் ஏறி மிதித்துவிட்டார்.

*

ஜல்லி எங்கிருந்து வருகிறது என்று ஒரு கான்ட்ராக்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன் செய்தால் லாரியில் வரும். அவர் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் வந்தது.

இந்த முறை லாரி வந்த தடத்திலேயே எதிர்ப்பக்கமாகப் போனார். தடம் வளைந்தது. இன்னும் வளைந்தது. வளைந்து வளைந்து ஊசிக்கரட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது.

ஆசிரமத்தில் தினமும் விடிந்ததும் எல்லாரும் வரிசையாக நின்று கரட்டைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அதற்குக் கரட்டுக் கும்பிடு என்றே பெயர். அம்மா சொல்லிக்கொடுத்த ஒரே வழிபாடு அதுதான். சென்னியப்பன் வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆனால் கும்பிடுகிற சாமியின் முதுகுப்பக்கம் எப்படி இருக்கும் என்று யார் போய்ப் பார்ப்பார்கள்?

முன்பக்கம் கோபுரம் மாதிரி நின்ற கரடு பின்பக்கம் கடித்து வைத்த கொய்யாப்பழம் மாதிரி இருந்தது.

சென்னியப்பன் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். கீழே பெரிய குழி. குழிக்குள் லாரிகள். கம்ப்ரஸர் சத்தம் பல்லைக் கூச வைத்தது. சுற்றுவட்டத்தில் ஒரு செடிக்கும் பச்சை நிறமில்லை, எல்லாம் மாவு பூசி நின்றன. அவர் சைக்கிளைத் திருப்பப் பார்த்தார்.

ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே, அது கான்ட்ராக்டர் மனசு. கரடு எவ்வளவு பெரிசு, நாம் கேட்பது ஒரே ஒரு லோடு, நாம் எடுக்காவிட்டால் இன்னொருத்தர் எடுக்கப் போகிறார் என்று வரிசையாகச் சமாதானம் சொன்னது. எல்லாமே நியாயமாகத்தான் பட்டது.

குவாரி மேஸ்திரி வந்தார். தலையில் கட்டிய துண்டிலிருந்து புருவம் வரைக்கும் வெள்ளை.

"ஆசிரமத்துக்குங்களா? அடடே, சாமி காரியம். நல்ல பாறையா ஒண்ண ஒதுக்கிச் சுண்ணாம்புல பேரெழுதி வெச்சர்றனுங்க. அப்பத்தான் வேற லாரிக்குப் போகாது. பேரு சொல்லுங்க."

"சென்னியப்பன்" என்றார். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் பெருசா எழுதிக்குங்க."

*

"எங்கிருந்துங்கண்ணா வருது?"

"பக்கந்தானுங்க."

"பக்கம்னா?"

"ரொம்பப் பக்கமுங்க."

அம்மா நிமிர்ந்து கரட்டைப் பார்த்தார். சென்னியப்பன் கரட்டைப் பார்க்கவில்லை. தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அப்பச் சரி" என்றார் அம்மா. "நாளைக்குக் கும்பிடு அங்கிருந்தே வெச்சுக்கலாம்."

விடிந்ததும் ஆசிரமத்தார் எல்லாரும் வரிசையாகக் கிளம்பினார்கள். முன்னால் அம்மா, கடைசியில் சென்னியப்பன். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். நடந்தால் சரியாகிவிடும் என்றார் அம்மா.

வெள்ளைச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக ஒரு கூட்டம் வளைவில் திரும்பி வருவதைப் பார்த்ததும் குவாரியில் கம்ப்ரஸர் நின்றது. மேஸ்திரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஓடி வந்தார்.

"என்னங்க இது, போராட்டமுங்களா? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாமுங்க. டீ சொல்லட்டுமுங்களா?"

"போராட்டமெல்லாம் இல்லீங்க" என்றார் அம்மா. "சாமி கும்பிட வந்தோம்."

"இங்க ஏதுங்க சாமி?"

"பாக்கறமுங்க. கொஞ்சமாச்சு இருக்குமில்லீங்களா?"

மேஸ்திரி கரட்டை ஒரு தரம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். அவரைப் பார்த்து லாரி டிரைவர்களும் இறங்கிச் செருப்பைக் கழற்றினார்கள். ஒருத்தர் தலைக்கவசத்தையும் கழற்றினார்.

அம்மா குழியின் விளிம்பில் நின்று கரட்டைப் பார்த்துக் கைகூப்பினார். எல்லாரும் கைகூப்பினார்கள்.

சென்னியப்பனும் கைகூப்பிக்கொண்டு நிமிர்ந்தார்.

எதிரே, கரட்டின் மிச்சத்தில், ஒரு வீடு உயரத்துக்கு நின்ற பாறையில், ஆள் உயர எழுத்தில், வெள்ளைவெளேர் என்று, ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதியிருந்தது.

சென்னியப்பன்.

ஆசிரமமே அதைப் பார்த்து விழுந்து கும்பிட்டது.

அவர் வாழ்க்கையில் தன் பெயரை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அதைக் கும்பிட்டதும் இல்லை. மாரப்பனுக்கு இந்த ஜென்மத்தில் இது கிடைக்காது. ஆனால் சென்னியப்பன் கூப்பிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். வெட்கம்தான், வேறென்ன.

"எப்படிங்க, போதுமுங்களா?" என்று மேஸ்திரி அவர் காதோரம் வந்து கேட்டார். "பெருசா எழுதச் சொன்னீங்கல்ல. நாளைக்கு மதியம் வெடி வெக்கறமுங்க."

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். குழிக்குள் இறங்கினார். கல்லில் சறுக்கி, ஒரு பக்கம் உட்கார்ந்து, எழுந்து, பாறைக்குப் போய்ச் சேர்ந்தார். தோள் துண்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, பேர அழிச்சா அப்பறம் அந்தப் பாறைய உங்களுக்குன்னு ஒடைக்க மாட்டமுங்க!" என்று மேஸ்திரி மேலிருந்து கத்தினார்.

"ஒடைக்காதீங்க!"

அம்மாவும் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"எதுக்குங்கண்ணா அழிக்கறீங்க? நல்லாத்தான எழுதியிருக்காரு."

சென்னியப்பன் திரும்பவில்லை. எட்டிய மட்டும் தேய்த்தார். மேலே எட்டாத எழுத்துக்கு ஒரு லாரி டிரைவர் ஏணி கொண்டுவந்து கொடுத்தார்.

*

திரும்பி வரும்போது வரிசை மாறிவிட்டது. அம்மாவும் சென்னியப்பனும் கடைசியில் நடந்தார்கள். அவர் தலை, தோள், மீசை எல்லாம் சுண்ணாம்பு.

"ஏனுங்கண்ணா."

"சொல்லுங்கம்மா."

"எறங்குன தளத்தத் தூக்கறதுக்கு வழியே இல்லீங்களா? ஒடைக்கத்தான் வேணுமா?"

சென்னியப்பன் வழியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இருக்குதுங்க."

"எப்படி?"

"தளத்துல அங்கங்க வெரல் கனத்துக்குத் தொளை போடோணுமுங்க. மண்ணச் சலிச்சுக் கூழாட்டக் கரைச்சு, பம்புல அழுத்தி அந்தத் தொளை வழியா உள்ள உடோணுமுங்க. அடியில இருக்கற இடுக்கெல்லாம் ரொம்பும். ரொம்புனதுக்கப்பறம் தளமே மெதுவா மேல வருமுங்க. ஜல்லியும் வேண்டாம், கொட்ட எடமும் வேண்டாம். தண்ணியும் கூழு கரைக்கறதுக்கு மட்டுந்தானுங்க."

"பண்ணியிருக்கீங்களா?"

"ஒரு நூல் மில்லுல பண்ணிருக்கறனுங்க. மெஷின நகத்த முடியாது, தரை எறங்கிருச்சு. தூக்கிக் குடுத்தனுங்க. இன்னைக்கு வரைக்கும் அப்படியே நிக்குது."

"அப்ப மொதல்ல இருந்தே தெரியும்."

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

சென்னியப்பன் மீசைச் சுண்ணாம்பைத் துடைத்தார். துண்டில் இருந்த சுண்ணாம்பும் மீசைக்குப் போனது.

"தூக்குனா..."

"தூக்குனா?"

"சம்பந்தி பேருமு சேந்து மேல வந்துருமுங்கம்மா."

அம்மா நின்றுவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அப்படியும் அடங்கவில்லை. வழியோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரு இப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. சிஷ்யருக்கு ஞானம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று பொறாமைப்பட்டார்கள்.

"சிரிக்காதீங்கம்மா" என்றார் சென்னியப்பன். "எனக்கு நெசமாலுமே வயிறு எரியுதுங்க."

"தெரியுதுங்கண்ணா" என்று அம்மா எழுந்தார். "எரிஞ்சா எரியட்டும். கை சும்மாத்தான இருக்குது?"

*

கை வேலையைத் தொடங்கியது.

முதலில் கை கழுவுகிற தண்ணீருக்குக் குழாய் வைத்து வாழைக்குத் திருப்பினார். மூலைக்கு அடியில் குடும்பத்தோடு இருந்த பெருச்சாளிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் புகை போட்டார். பெருச்சாளி சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டது. அது தனிக்கதை. பிறகு நூல் மில்லிலிருந்து பம்பை இரவல் வாங்கி வந்தார். கிணற்றில் தூர் வாரின மண்ணைச் சலித்து, சுண்ணாம்பும் கொஞ்சம் சிமெண்டும் சேர்த்துக் கூழாகக் கரைத்தார்.

ஒரு துளையில் கொஞ்சம், அடுத்த துளையில் கொஞ்சம். ஒரே இடத்தில் அழுத்தினால் தளம் வெடித்துவிடும். மட்டம் சரியாக வருகிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார், பம்பை அழுத்துவார், மறுபடியும் பார்ப்பார். ஆசிரமத்தார் தியானத்தை விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தியானத்தில் எதுவும் அசைவது கண்ணுக்குத் தெரியாது. இங்கே தெரிந்தது.

சாயங்காலம் தளம் ஒரு முனகல் முனகியது. மூலையில் தேங்கிக் கிடந்த தண்ணீர் என்ன நினைத்ததோ, மெல்ல நகர்ந்து, விளிம்பு வழியாக இறங்கிப் போய்விட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள்.

தண்ணீர் போன இடத்தில் பாசி. சென்னியப்பனே தேங்காய் நார் எடுத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க எழுத்து வந்தது. 'மா' வந்தது. 'ர' வந்தது. இத்தனை வருஷமும் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்த சம்பந்தி, ரைஸ் மில்லோடு சேர்ந்து பளிச்சென்று கரையேறினார்.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. வேலை சுத்தமாக வந்த சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

கடைசியாகத் துளைகளைக் கலவை வைத்து அடைத்தார். ஒவ்வொன்றும் ஒரு பொட்டு அளவுக்கு இருந்தது. ஓரத்தில் இருந்த ஒன்று இன்னும் ஈரம். சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் இல்லை. ஈர்க்குச்சியை எடுத்து அதில் 'செ' என்று எழுதினார். சின்னதாகத்தான்.

"என்னங்கண்ணா அது?"

அம்மா எப்போது பின்னால் வந்தார் என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. குச்சி விழுந்துருச்சுங்க."

"குச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியுமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார். அழிக்கச் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை.

சென்னியப்பன் அதற்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். சிமெண்டு இறுகிக்கொண்டே வந்தது. இறுகி முடிகிற சமயத்தில் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு எழுந்து போனார்.

*

குருபூசைக்கு மாரப்பன் வந்தார். பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வாசலுக்கு வந்ததுமே நின்றுவிட்டார்.

"சம்பந்தீ! வாங்க, வந்து இதப் பாருங்க! தளம் போட்டு எத்தன வருசமாச்சு. எழுத்து இன்னும் எப்படி இருக்குதுன்னு பாருங்க. அப்பப் போட்ட வேல அப்படிங்க!"

"ஆமாங்க" என்றார் சென்னியப்பன். பல்லைக் கடித்தது வெளியே தெரியவில்லை.

"தரம்! தரமுங்க!"

"தரந்தானுங்க."

மணி அடித்தது. கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. அப்போதுதான் சென்னியப்பன் அதைக் கவனித்தார்.

முதலில் போன அம்மாள் மூலைக்கு வந்ததும் சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஒரு தாண்டுத் தாண்டினார். காய்ந்த தரையில். அடுத்து வந்தவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டினார். அவருக்குப் பின்னால் வந்தவரும் தாண்டினார். வருஷக்கணக்காகத் தண்ணீரைத் தாண்டியே உள்ளே போன கால்கள். பள்ளம் போன செய்தி கால்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஒருத்தர் விடாமல், வயதானவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இல்லாத குளத்தை மரியாதையாகத் தாண்டித் தாண்டிச் சாப்பிடப் போனார்கள். பாயச வாளியோடு வந்த அம்மாவும் தாண்டினார்.

சென்னியப்பனுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. தூணைப் பிடித்துக்கொண்டார். வயிறு எரிந்துகொண்டிருந்த இடத்தில்தான் அந்தச் சிரிப்பு இருந்தது. எரிச்சலைத் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை.

மாரப்பனும் பட்டுக்கரையைத் தூக்கிக்கொண்டு தாண்டினார். ஆனால் அவர் ரைஸ் மில்காரர், எதையும் கணக்குப் பார்க்கிறவர். தாண்டி முடித்ததும் சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி வந்தார். காலால் தட்டினார். குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஏனுங்க சம்பந்தி. இங்க ஒரு பள்ளம் இருந்துச்சுங்களே. யாருங்க தூக்குனது?"

பந்தியில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பாயசக் கரண்டியை இலைக்கு மேலேயே பிடித்தபடி நின்றார்.

கல்யாணப் பத்திரிகை அச்சடித்த நாளிலிருந்து சென்னியப்பன் காத்திருந்த கேள்வி அது. கேட்டதும் சம்பந்தி. கேட்டது பந்தி நிறைய ஆட்கள் முன்னிலையில்.

சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

"எந்தப் பள்ளமுங்க?"